ஒன்றாம் நம்பர் ஐந்து பேர்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே அம்மா எதிர்ப் பல்கனிக்காரியிடம் என் உத்தியோகத்தை விளங்கப்படுத்துவதை ஒருநாள் கேட்டேன். "அவ டொக்டர்மாருக்கு நம்பர் குடுக்கிறவ" என்றார். பல்கலைக்கழகம், பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதிய சோதனைகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் நான் நம்பர் கொடுக்கிற ஆள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிறகு ஆறியிருந்து யோசித்தால் அதில் பிழை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கொழும்பில் மாலை நேரங்களில் நிபுணர்கள் வந்து இருந்து நோயாளர் பார்க்கும் சனலிங் சென்ரர்கள் சிலவற்றுக்கு எங்கள் கம்பனியின் மென்பொருள்தான் ஓடுகிறது. ஃபோனில் ஒரு அமத்து அமத்தினால் இன்ன டொக்டருக்கு இன்ன நம்பர் என்று வரும். அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் வேலை.

அந்த வருடம் அம்மா கழுத்தைச் சுற்றி ஷோல் போடத் தொடங்கியிருந்தார். வெள்ளவத்தையில், கடற்காற்றே சுடுகிற மாதத்தில், ஷோல். கேட்டால் "ஏசி குளிருது" என்றார். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. "பக்கத்து வீட்டு ஏசி" என்றார். சுவருக்குள்ளால் வருகிறதாம். அம்மாவோடு வாதாடி வென்றவர்கள் எவரையும் எங்கள் குடும்பத்தில் நான் கண்டதில்லை, ஆகவே விட்டுவிட்டேன். ஒருநாள் அவர் தலைமுழுகிவிட்டு வரும்போதுதான் கண்டேன். கழுத்தின் ஒரு பக்கத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி, தேசிக்காய் அளவில் ஒரு கட்டி.

"எப்ப தொடக்கம்?"

"இப்பதான். போன மாசம்."

டொக்டரிடம் போவோம் என்றால் மாட்டாராம். நோய் வருத்தத்துக்குப் பயமில்லை என்று சொன்னார், சனத்துக்குத்தான் பயம். வெள்ளவத்தையில் எந்தச் சனலிங் சென்ரரிலும் போய் ஒரு கதிரையில் குந்தினால் பக்கத்துக் கதிரையில் ஊர்ச்சனம் இருக்கும். "இன்னாற்றை மனிசிக்குக் கழுத்திலையாம்" என்று அன்று பின்னேரமே லண்டன் வரைக்கும் போய்விடும். நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அந்த இரண்டு நாளும் அம்மா எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். அது திட்டமிட்ட வேலை.

கடைசியில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். கெட்டிக்காரர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு இரண்டு லேன் தள்ளி இருக்கும் சென்ரருக்கு வருவார். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வெளிநாடு போகிறார், திரும்பிவர எத்தனையோ மாதமாகும். அம்மா சம்மதித்தார், ஆனால் நிபந்தனையோடு. ஒன்றாம் நம்பர் வேண்டும். போனவுடன் உள்ளே, முடிந்தவுடன் வீடு.

"ஒரு நிமிசமெண்டாலும் அங்கை இருக்கச் சொன்னியெண்டால் எழும்பி வந்திடுவன். பேந்து ஒருநாளும் என்னைக் கூப்பிடக் கூடாது."

அம்மா சொன்னால் சொன்னதுதான். மைத்துனியோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று சொன்ன பிறகு, இரண்டு கலியாண வீடுகளில் அவரோடு பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து பலகாரம் சாப்பிட்டும் வாய் திறக்காதவர். ஆகவே ஒன்றாம் நம்பர் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டி அம்மாவின் கழுத்திலேயே இருந்து வளரும். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் நம்பர் கொடுக்கிறவளே நான்தானே, எனக்கென்ன கவலை என்று நினைத்தேன்.

இனி அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். கடைசியாகக் கொடுத்த நம்பர் எது என்று ஒவ்வொரு முறையும் ஆழத்தில் கிடக்கும் தரவுத்தளத்தைக் கிண்டிப் பார்த்தால், அது வருவதற்குள் சனம் ஃபோனை எறிந்துவிடும். ஆகவே அடிக்கடி தேவைப்படுவதை எட்டி எடுக்கக்கூடிய இடத்தில், கணினியின் ஞாபகத்தில் வைத்திருப்போம். அதற்குக் கேஷ் என்று பெயர். ஒரே கேஷை நம்பியிருந்து அது விழுந்தால் எல்லாம் விழும் என்பதால் ஐந்து பிரதிகள் ஓடும், ஐந்தும் ஒரே ஞாபகத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஐந்து என்ற ஒற்றைப்படை எண்ணை நான் தொழில்நுட்பக் காரணத்துக்காகச் சொன்னேன். முதலாளி சாத்திரக் காரணத்துக்காக ஒப்புக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ஒவ்வொரு பிரதியும், கன்டெய்னர் என்று நாங்கள் சொல்லும், கணினிக்குள் இருக்கும் ஒரு தனிப் பெட்டிக்குள் ஓடுகிறது. என்னோடு வேலை செய்பவர் கொட்டாஞ்சேனைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், என்னைவிடச் சற்று இளையவர் என்பதால் அக்கா என்பார். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். மகனுக்குக் கன்டெய்னர் வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டதும் நல்ல தடித்த கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்தாராம். அது இன்னும் எங்கள் அலுவலக மேசையில் கிடக்கிறது, சூடான தேநீர்க் கோப்பை தூக்க உதவும்.

இந்தக் கன்டெய்னர்களுக்கு நிரந்தர முகவரி கிடையாது. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பவர்களைப் போல இன்றைக்கு ஒரு லேன், நாளைக்கு இன்னொரு லேன். ஆகவே புதிதாக எழும்புகிற ஒன்று மற்றவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு பொதுவான பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், இப்போது தயாராக இருக்கிற கூட்டாளிகள் இவர்கள், முகவரி இது என்று பதில் வரும். எழும்பியது போய் அவர்களோடு சேர்ந்துகொள்ளும். ஒருவரும் இல்லை என்று பதில் வந்தால், சரி, அப்படியென்றால் நான்தான் முதல் ஆள், நான்தான் தலை என்று முடிவெடுத்துக்கொள்ளும். ஒருமுறை தலையாகிவிட்டால் பிறகு இறங்காது.

இதனால்தான் ஐந்தையும் ஒன்றொன்றாக எழுப்ப வேண்டும். முதலாவது எழும்பி, நான் தயார் என்று சொன்ன பிறகு இரண்டாவது. இரண்டாவது கேட்கும்போது முதலாவது அங்கே இருக்கும். இதை நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், பல காலம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

எங்கள் முதலாளி பஞ்சாங்கம் பார்க்காமல் மென்பொருளில் ஒரு வரியை மாற்ற விடமாட்டார். அதுவும் ஒரு பஞ்சாங்கம் அல்ல. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டையும் மேசையில் விரித்து வைத்து, இரண்டும் நல்லது என்று சொல்கிற நேரத்தில்தான் புதுப் பதிப்பு வெளியேறும். அவை இரண்டும் ஒத்துப்போவது லேசில் நடக்காது. அதனால் எங்கள் திருத்தங்கள் எல்லாம் முடிந்து தயாரான நிலையில், கலியாணமாகாத என்னை மாதிரியே, நல்ல நேரம் வரட்டும் என்று காத்துக்கிடக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பஞ்சாங்கமும் சேர்ந்து தந்தது பத்தரைக்கு முந்திய சில நிமிடங்கள் மட்டும். பத்தரைக்கு ராகுகாலம்.

"அஞ்சும் எழும்ப எவ்வளவு நேரம் பிள்ளை?" என்று முதலாளி கேட்டார்.

"கால் மணித்தியாலம் போகும் சேர். ஒண்டொண்டாத்தான் எழுப்ப வேணும்."

"அப்ப கடைசி ரெண்டும் ராகுகாலத்திலை எல்லே பிறக்கும்?"

"பிறக்கிறேல்லை சேர். ஓடத் தொடங்கிறது."

"ரெண்டும் ஒண்டுதான். எல்லாத்தையும் ஒண்டா எழுப்பு."

நான் எழுந்து நின்றேன். "ஒண்டா எழுப்பினா ஒண்டையொண்டு காணாது சேர். ஒருத்தரும் இன்னும் தயாரில்லாத நேரத்திலை அஞ்சும் ஒரேயடியாக் கேட்கும். அஞ்சுக்கும் ஒருத்தருமில்லை எண்டுதான் பதில் வரும். அஞ்சும் தான்தான் தலை எண்டு நினைக்கும்."

"ஒரே நேரத்திலை பிறந்ததுகள் ஒற்றுமையா இருக்குங்கள்" என்றார் முதலாளி. "நீ சும்மா பயப்படுறாய்."

கொட்டாஞ்சேனைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் "ஒன்றன்பின் ஒன்றாக" என்று இருந்த இடத்தை "எல்லாம் ஒன்றாக" என்று மாற்றினார். முதலாளி கணினித் திரைக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வலது கையின் மோதிர விரலால் பொத்தானை அமத்தினார். கற்பூரப் புகைக்குக் கட்டிடத்தின் தீ எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. மேல் மாடிக் காப்புறுதிக் கம்பனிக்காரர் எல்லாரும் படியால் இறங்கி ஓடினார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மணிச்சத்தம் நல்ல சகுனமாம்.

திரையில் ஐந்து பச்சை விளக்குகள் எரிந்தன. பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது என்று பொருள், யாரோடு இருக்கிறது என்று அது சொல்லாது. நான் உள்ளே போய் ஒவ்வொன்றையும், உன்னோடு எத்தனை பேர் என்று கேட்கப் போனேன்.

"முதல்லை ஒரு நம்பர் எடு பிள்ளை. உன்ரை கைராசி நல்லது" என்றார் முதலாளி. அந்த நிபுணரின் ஞாயிற்றுக்கிழமை நம்பர்கள் அன்றைக்குத்தான் திறந்திருந்தன, அம்மாவின் பெயரில் எடுத்தேன். ஒன்று என்று வந்தது. சந்தோசத்தில் உள்ளே போய்க் கேட்க நினைத்ததை மறந்துவிட்டேன். அதற்குள் பத்தரையாகிவிட்டது. "காணும், நிப்பாட்டு. ராகுகாலம் தொடங்கீட்டுது. ஒருத்தரும் கீபோர்ட்டிலை கை வைக்கக் கூடாது. பிறந்ததுகளைத் திங்கட்கிழமை வரைக்கும் குழப்பவும் கூடாது" என்று சொல்லிவிட்டு முதலாளி வடை கொண்டுவரச் சொன்னார். உளுந்து வடை நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குச் சற்று முன் அம்மாவும் நானும் போனோம். லேனுக்குள் திரும்பும்போதே சனம் தெரிந்தது. சென்ரரின் படிகளில், கீழே மருந்துக்கடை வாசலில், ஓட்டோக்களுக்குள் எல்லாம் ஆட்கள். அம்மா என் கையைப் பிடித்தார். "எல்லாரும் எங்களுக்குப் பிறகு வாற நம்பர்காரர் அம்மா" என்று சொல்லி மேலே கூட்டிக்கொண்டு போனேன். நான் சொன்னதை நான் நம்பித்தான் சொன்னேன்.

கவுன்டரில் இருந்த சிங்களப் பிள்ளை எழுந்து, "நம்பர் வன் வாங்கோ" என்று தமிழில் கூப்பிட்டாள். ஐந்து பேர் முன்னுக்கு வந்தார்கள்.

வெள்ளை சேர்ட் போட்ட ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். கதிரை காலியாக இருந்தும் அவர் நின்றபடியே நின்றிருந்தார். மாளிகாவத்தையிலிருந்து தனியாக வந்த ஒரு முஸ்லிம் அம்மா. முகத்துவாரத்திலிருந்து மனைவியோடு வந்த மீன்பிடிக்காரர் ஒருவர். ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்த வங்கி உத்தியோகத்தர். எங்கள் அம்மா. ஐந்து ஃபோன்களும் கவுன்டருக்கு நேரே நீண்டன, ஐந்திலும் ஒன்று. பின்னால் இருந்தவர்களும் தங்கள் ஃபோன்களைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் நம்பர் ஐந்து பேர், மூன்றாம் நம்பர் ஐந்து பேர். அந்தப் பிள்ளை "அனே" என்று சிங்களத்தில் அங்கலாய்த்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"நான் நாப்பது வருசம் பள்ளிக்கூடம் நடத்தினனான். ஒரு வகுப்பிலை ரெண்டு பேருக்கு முதலாம் இடம் வரலாம், அஞ்சு பேருக்கு வராது" என்றார் அதிபர்.

சத்தம் கேட்டு டொக்டர் கதவை ஒரு சாண் திறந்தார். "ஒராள்தான் வரலாம். ஆரெண்டு நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ. ஏழு மணிக்கு நான் வெளிக்கிட வேணும்" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார். உள்ளே நோயாளர் இல்லாத டொக்டர், வெளியே டொக்டர் இல்லாத நோயாளர். மணி போய்க்கொண்டிருந்தது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஐந்து கேஷும் ஒன்றையொன்று காணாமல், தனித்தனியே ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தன. அம்மாவைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கவிட்டு, "ரெண்டு நிமிசம், போயிடாதையுங்கோ" என்று கெஞ்சிவிட்டு வெளியே படிக்கட்டுக்கு வந்து கொட்டாஞ்சேனைக்கு ஃபோன் எடுத்தேன்.

"உள்ளுக்கை எத்தினை உறுப்பினர் எண்டு பார்."

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். "ஒண்ணு."

"ரெண்டாவதிலை?"

"அதுலயும் ஒண்ணுதான். அக்கா, அஞ்சுலயும் ஒண்ணொண்ணுதான் காட்டுது. அஞ்சு பேரும் தலைவர், அஞ்சு பேருக்கும் ஆளில்ல. எங்கட கட்சிகள் மாதிரி." அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "ஒண்ணொண்ணா எழுப்பட்டா? இப்ப விட்டா நாளைக்கு வாற ஆக்களுக்கும் இதான் நடக்கும். ஆனா சேர்ட்ட கேக்கணும்."

முதலாளிக்கு எடுத்தேன். அவர் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இண்டைக்கு ஞாயிறெல்லே. ஆறு மணி வரைக்கும் ராகுகாலம். தொடக் கூடாது" என்றார்.

"சேர், ராகு இஞ்சைதான் நிக்கிறார். அவரும் ஒண்டாம் நம்பர் வைச்சிருக்கிறார்!"

நான் கத்தியது படிக்கட்டெல்லாம் எதிரொலித்தது. முதலாளிக்கு அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை, நன்றாகவே இருந்தது. அவர் வாக்கியப்படி இப்படி, திருக்கணிதப்படி அப்படி என்று தொடங்கினார். நான் கண்ணாடிக்குள்ளால் அம்மாவைப் பார்த்தபடி நின்றேன்.

அதிபர் அம்மாவின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் கேட்கவும் தேவையில்லை. இரண்டு யாழ்ப்பாணத்தவர் சந்தித்தால் முதலாவது கேள்வி எது என்று எல்லாருக்கும் தெரியும். ஊரிலை எவடம்? அதற்குப் பிறகு கோயிலுக்குக் கிட்டவோ, றெயில் பாதைக்குக் கிட்டவோ. அதற்குப் பிறகு இன்னாரைத் தெரியுமோ. மூன்றாவது கேள்வியில் சொந்தம், நான்காவதில் பழைய காணிச் சண்டை. எந்தப் பெயர்ப் பலகையும் இல்லாமல், எந்த மென்பொருளும் இல்லாமல், காலி வீதி பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க எங்கள் சனத்துக்கு இரண்டு தரிப்பிடம் போதும். அம்மா இத்தனை மாதமாகப் பயந்து ஒளித்துக்கொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். மரியாதைக்கு அவர் பதில் சொல்வது தெரிந்தது. அதிபர் தலையாட்டினார், பின்னால் இருந்து இன்னொரு பெண் எழுந்து வந்தார், அவரும் தலையாட்டினார். அம்மா ஷோலை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

அப்போது மாளிகாவத்தை அம்மா நடுவில் வந்து நின்று கையைத் தட்டினார். நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"ஃபோனப் பாத்துச் சண்ட புடிச்சி வேலயில்ல. எல்லாரும் அவங்கவங்கட வருத்தத்தச் சொல்லுங்க. ஆருக்குக் கூடவோ அவங்க மொதல்ல போவாங்க. நான் சொல்றேன் மொதல்ல. எனக்குப் பித்தப்பையில கல்லு. வந்தா உசிரு போகும், இப்ப சும்மா ஈக்கிது. நான் பொறகு போறேன்."

ஒரு அறை நிறைந்த சனத்துக்கு முன் வருத்தத்தைச் சொல்வதா என்று எல்லாரும் விறைத்துப்போய் நின்றார்கள். பிறகு வங்கி உத்தியோகத்தர், "கால் ஆணி" என்று மெல்லச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவர் வெட்கப்பட்டுத் தானாகவே கடைசிக்குப் போனார். முகத்துவாரத்துக்காரர் நிலத்தைப் பார்த்தபடி நிற்க, அவருடைய மனைவி, "குடலிறக்கம். வலைய இழுக்காதேன்னு சொன்னா இவரு கேக்குறாரில்ல" என்று எல்லாரிடமும் முறைப்பாடு வைத்தார். அதிபரின் முறை வந்தது. அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கு இருக்கேலாது" என்றார்.

வந்ததிலிருந்து அவர் ஏன் நின்றுகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை. முகத்துவாரத்துக்காரர், "சேர் நீங்க எனக்கு முன்னுக்குப் போங்க" என்றார்.

பிறகு எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்தார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் நான் வாயைத் திறந்து, "அம்மாவுக்கு ஒண்டுமில்லை. சும்மா ஒருக்காக் காட்ட வந்தது" என்றேன்.

"ஒண்டுமில்லையெண்டால் கால் ஆணிக்குப் பிறகு போகலாமே" என்று யாரோ சொன்னார்கள். நியாயமான பேச்சு. ஏழு மணிக்கு டொக்டர் போய்விடுவார். கால் ஆணிக்குப் பிறகு என்றால் அடுத்த வருடம்.

அம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். முடிந்தது என்று நினைத்தேன். இனி இந்தப் பிறவியில் அம்மாவை ஒரு டொக்டரிடமும் கூட்டிக்கொண்டு போக முடியாது, எல்லாம் என் வாயாலும் ராகுவாலும் கெட்டது என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் கையில் இருந்த ஃபோனில் முதலாளியின் குரல் இன்னும் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அமத்தி நிறுத்தினேன்.

அம்மா நின்றார். திரும்பி வந்தார். ஷோலைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். தேசிக்காய் என்று நான் நினைத்திருந்தது அதைவிடப் பெரிதாகியிருந்தது.

"மூண்டு வருசம்" என்றார் எல்லாரையும் பார்த்து. "முதல்லை உளுந்தளவு இருந்தது. இப்ப இரவிலை பயமாக்கிடக்கு."

மாளிகாவத்தை அம்மா வந்து அம்மாவின் தோளில் கை வைத்தார். "ஏன்ம்மா இவ்வளவு காலம் வெச்சிக்கிட்டு ஈந்தீங்க? போங்க உள்ளுக்கு" என்றார். அதிபர் தானே போய்க் கதவைத் தட்டி, "ஒண்டாம் நம்பர் வருது டொக்டர்" என்று அறிவித்தார். பின்னால் இரண்டாம் நம்பர்காரர் ஐந்து பேரும் ஒரு மூலையில் கூடி, நீங்கள் ஊரிலை எவடம், உங்களுக்கு என்ன வருத்தம் என்று தங்கள் அலுவலைத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்று வருடம். என்னிடம் சொன்னது போன மாதம். பெயர் தெரியாத ஒரு கூட்டத்திடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே என்று எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. கோபம் என்று அப்போது நினைத்தேன். நோவு என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது.

உள்ளே போகும்போது ஃபோன் இரண்டு தரம் அதிர்ந்தது. ஒன்று கொட்டாஞ்சேனையிலிருந்து: "ஒண்ணொண்ணா எழுப்பிட்டேன் அக்கா. இப்ப அஞ்சும் அஞ்சு பேரையும் காணுது. ராகுகாலம் எங்கட மாதா கோயில்ல பாக்குறதில்ல." மற்றது லண்டனிலிருந்து சித்தி: "அம்மாவுக்குக் கழுத்திலையாமே?" நாங்கள் டொக்டருக்கு முன்னால் கதிரையில் இன்னும் இருக்கவேயில்லை.

டொக்டர் அம்மாவின் கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஸ்கான் கருவியை வைத்துப் பார்த்தார். எனக்கு ஒரு மணித்தியாலம் போல இருந்தது.

"பயப்படுற மாதிரி எனக்குத் தெரியேல்லை" என்றார். "ஊசி வைச்சுப் பாத்திட்டு எடுத்து விடுவம். நான் போறதுக்கு முதல் இந்தக் கிழமையே செய்யலாம். இண்டைக்கு வந்தது நல்லதாப் போச்சு."

எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நாளைக்கே வரலாமோ?" என்று கேட்டார். வரமாட்டேன் என்று மாதக்கணக்கில் நின்ற மனுசி.

சத்திரசிகிச்சைக்கு முன் சில விபரங்கள் வேண்டும் என்று டொக்டர் பேனாவை எடுத்தார். படித்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் டொக்டர்மார் பிள்ளையைத்தான் கேட்பார்கள். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பாடு விழுங்கக் கஷ்டப்படுறாவோ?"

"இல்லை டொக்டர்."

"ஓம்" என்றார் அம்மா. "சோறு இறங்காது. இரவிலை கஞ்சிதான்."

அம்மா இரவில் கஞ்சி குடிப்பது ஏதோ விரதம் என்று நினைத்திருந்தேன். எந்தக் கடவுளுக்கு இவ்வளவு நீண்ட விரதம் என்று நான் யோசித்ததில்லை.

"நித்திரை எப்பிடி?"

"நல்ல நித்திரை டொக்டர். ரீவி பாத்தபடியே நித்திரையாயிடுவா."

"படுத்தா மூச்சு முட்டும்" என்றார் அம்மா. "அதுதான் ரீவிக்கு முன்னாலை கதிரையிலை இருந்து நித்திரை கொள்ளுறனான்."

டொக்டர் நான் சொன்னதை வெட்டிவிட்டு அம்மா சொன்னதை எழுதினார். "வேறை குளிசையள்?"

"பிறஷருக்கு மட்டும். ஒவ்வொரு நாளும் எடுக்கிறவ" என்றேன். இதிலாவது பிழை வராது, ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் வாங்கிக் கொடுப்பவள் நான்.

"அது நிப்பாட்டீட்டன் டொக்டர். விழுங்கேலாது."

"எப்ப நிப்பாட்டினனீங்கள்?" இதைக் கேட்டது டொக்டர் அல்ல, நான். குரல் பெரிதாக வந்துவிட்டது. அம்மா மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளரைப் பார்த்தார்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே இரண்டாம் நம்பர்காரர் ஒருவர் தன் வருத்தத்தை உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரே வீட்டிலையோ இருக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றோம் அம்மாவும் நானும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் எங்கள் இரண்டு பேரின் பதிலும் ஒன்றாக இருந்தது.